மூன்று வெள்ளிக்கிழமைகள், ஒரே ஒரு நேயர்

எனக்கு நிலைகொள்ளாத புத்தி. அலுவலகத்தில் பிரிண்டர் ஒரு தாளைத் துப்புவதற்குள் மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப்பட்டவன் முன்னால் ஒரு எண்ணை வைத்து, இது ஏறுகிறதா பார் என்று உட்கார வைத்தால் என்ன ஆகும்? பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பஜனை நடக்கும். அதை இணையத்தில் ஒலிபரப்பத் தொடங்கிய நாளிலிருந்து, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று மடிக்கணினித் திரையின் மூலையில் காட்டும் அந்த எண்ணை விட்டு என் கண் அகலவில்லை.

எனக்கு வேண்டியதோ ஒரே ஒரு நேயர். என் அக்கா.

பல வருஷமாக அந்தப் பஜனையில் முன்பாட்டு அவள்தான். அவள் ஒரு அடி பாடுவாள், கூடமே அதைத் திருப்பிப் பாடும். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் விழுந்துவிட்டன. லிஃப்ட் இல்லாத நாலாவது மாடிக்கு இனி ஏற முடியாது என்று அவள் கணவர், எங்கள் மாமா, அவளைத் தள்ளியிருக்கும் காப்பார் ஊரில் ஒரு தரைவீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாம் ஒரு டீ குடித்துவிடலாம். பழக்கமான பாட்டோடு சேர்ந்து பாடச் சொல்லுங்கள், பேச வராத சொல் பாட்டில் வரலாம் என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். நாள் போகப் போகக் கஷ்டம் என்றும் சொன்னாள். அந்தக் கடைசிப் பேச்சு என்னைப் பிடித்து ஆட்டியது.

வீடியோ காலுக்கு அக்கா ஒப்பவில்லை. கோணிப்போன வாயை அந்தக் கூட்டத்துக்குக் காட்ட மாட்டாளாம். சாதாரண அழைப்பில் போட்டுப் பார்த்தோம். போன் மனிதக் குரலை மட்டும் கடத்தியது, ஆர்மோனியத்தை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிட்டது. அதனால்தான் ஒலிபரப்பில் இறங்கினேன். மைக்கிலிருந்து மிக்சருக்கு ஒரு வயர், மிக்சரிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு வயர், மடிக்கணினிக்குள்ளேயே ஓடும் ஒரு சர்வர். காணொளிகளைப் பார்த்துப் பார்த்து நானே செய்தேன். கடைசியில் முழுக்க எண்களாலான ஒரு முகவரி கிடைத்தது. என் போனில் அதை அழுத்தினேன், பாட்டு வந்தது. ஆர்மோனியம் வாசிக்கும் ஆன்டியின் போனில் அழுத்தினோம், அங்கும் வந்தது. முகவரியை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஏதோ வானொலி நிலையமே திறந்தவன் மாதிரி கூடத்துக்குள் நடை போட்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை எண் ஒன்று காட்டியது. அக்காதான்! பஜனை முடிந்ததும் போன் போட்டேன்.

"கேட்டியாக்கா?"

"நல்லா... இருந்துச்சு."

அடுத்த வாரமும் ஒன்று, அதற்கடுத்த வாரமும் ஒன்று. சேர்ந்து பாடினாயா என்று கேட்டால் "ம்" என்பாள். எனக்கு அது போதவில்லை. ஒரு சொல்லாவது கூடியிருக்கிறதா என்று வாரம் முழுக்கப் போன் போட்டுத் தொந்தரவு செய்தேன். கூடவில்லை.

நாலாவது வெள்ளி, பெட்டாலிங் ஜெயாவில் அலுவலகக் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஆன்டிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தபடி அவரே மடிக்கணினியை முடுக்கிவிட்டார். நான் எல்ஆர்டி ரயிலில் நின்றபடி போனில் முகவரியை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. மறுபடி அழுத்தினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு ஸ்டேஷன் தாண்டியும் சுற்றியது.

"ஆன்டி, ஓடுதா?"

"ஓடுது லா தம்பி. என் போன்ல கிளியரா கேக்குது."

"எத்தன பேருன்னு காட்டுது?"

"ஒண்ணு."

"ஒங்க போன்ல ஓடுற பாட்ட மூடிட்டுப் பாருங்க."

கொஞ்ச நேரம் பின்னால் ஆர்மோனியம் இல்லாத தாளச் சத்தம் மட்டும் கேட்டது.

"சைபர் ஆயிருச்சே தம்பி!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த முகவரி கூடத்தின் வைஃபைக்குள் மட்டுமே செல்லும் முகவரி. அலுவலக எக்ஸ்டென்ஷன் எண் மாதிரி, உள்ளே இருப்பவர்கள் அழுத்தினால் மணி அடிக்கும், வெளியே இருந்து அழுத்தினால் யாருக்கும் போகாது. நான் சோதித்ததெல்லாம் கூடத்துக்குள் நின்றுதான். சத்தம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காதில் இயர்போன் மாட்டியிருந்தேனே, அந்த ஒன்று நான்தான். என் போனைக் கணக்கில் சேர்க்காது என்று எனக்கு யார் சொன்னது? நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படியானால் அக்கா எதைக் கேட்டு நல்லா இருந்துச்சு என்றாள்?

சனிக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து, வெளியே யாரும் எட்டக்கூடிய சர்வர் ஒன்றுக்கு ஒலிபரப்பை மாற்றினேன். முந்தின நாள் பஜனையின் பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். வைஃபையை அணைத்துவிட்டுத் தெருக்கோடி சாப்பாட்டுக்கடை வரைக்கும் போனைக் காதில் வைத்தபடியே நடந்தேன். பாட்டு அறுபடவில்லை. அப்படியே காரை எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போனேன். கிள்ளான் நெரிசலில் முன்னால் ஊர்ந்த லோரிகளையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வாசலிலேயே மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவ ஒண்ணும் கேக்கல லா. வெள்ளிக்கெழம ஆனா வலது கைய சோப்பு போட்டுக் கழுவுவா, தொடைப்பா, போன்ல அமுக்குவா. சுத்திக்கிட்டே கெடக்கும். மறுபடி கழுவுவா. என்னை அமுக்க விடமாட்டா, எடது கையாலயும் அமுக்கமாட்டா. தன் வெரல்தான் இன்னும் சரியாகல, போனுக்குத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டா. ஒங்கிட்ட சொன்னா நீ பதறுவேன்னு சொல்ல விடல. இந்த வாரம் கை எக்சர்சைஸையும் விட்டுட்டா."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. என் ஒருவனின் பரபரப்புக்குப் பயந்து, அசைய ஆரம்பித்திருந்த ஒரு கையை அவள் கைவிட்டிருக்கிறாள்.

உள்ளே அக்கா நாற்காலியில் இருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தப்பு என்னுதுக்கா. யார் அமுக்கியிருந்தாலும் வந்திருக்காது. மாமா அமுக்கியிருந்தாலும் வந்திருக்காது."

அவள் என்னையே பார்த்தாள். வாய் அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது. அவசரப்படுத்தக்கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப... என் கை... நல்லாத்தான்... இருக்கா?"

"நல்லா இருக்குக்கா" என்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

புது முகவரியை அவள் போனுக்கு அனுப்பி, போனை அவள் மடியில் வைத்தேன். முந்தானையிலிருந்து வலது கை வெளியே வந்தது. விரல் நடுங்கி, இறங்கி, அழுத்தியது. வட்டம் ஒருமுறை சுற்றியது. ஆர்மோனியம் வந்தது.

கூடத்தார் திருப்பிப் பாடும் அடியில் அவளும் மெல்லச் சேர்ந்துகொள்வாள் என்று நினைத்தேன். அந்த அடி வந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. ஆர்மோனியம் அடுத்த அடிக்குப் போனது. முன்பாட்டுக்காரர் தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால், கரகரத்த குரலில், பாதி எழுத்துக் கரைந்த சொல்லை அக்கா எடுத்தாள். எடுத்த அடியை முடித்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து முறைத்தாள்.

நானும் மாமாவும் அதைத் திருப்பிப் பாடினோம்.