மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு ஒரு மணி பத்து நிமிடம்

அப்பாவுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது என்று தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது காலை ஏழரை. மதியத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் குடல் அழுகிவிடும் என்றார். கோம்பையிலிருந்து காரில் வந்த வழி முழுக்க வயிற்றைப் பிடித்தபடி முனகிய அப்பா, அதைக் கேட்டதும் கையை ஆட்டி மறுத்தார்.

"பெரியவ வரட்டும். அவ சொன்னாத்தேன் கத்தி வைக்கணும்."

பெரியவள் என் அக்கா. சென்னையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். விடிகாலையில் நான் போன் செய்ததுமே கிளம்பி, எட்டரை மணி விமானத்தில் இடம் பிடித்திருந்தாள். செல்போனில் பார்த்தேன். மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு வான்வழியில் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். அதை அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இறங்கியபின் தேனிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்பதைச் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தாலும் மதியத்துக்கு முன்னால் வந்துவிடுவாள் என்று நம்பினேன்.

ஒன்பதே முக்காலுக்கு அப்பா கதவையே பார்க்க ஆரம்பித்தார். என் கண், அக்காவின் விமானம் போகும் வழியைக் காட்டும் செல்போன் வரைபடத்தில் இருந்தது. மதுரைமேல் அந்தச் சின்ன விமானம் இறங்காமல் ஒரு வட்டம் போட்டது. இன்னொன்று. மூன்றாவது. பிறகு வடகிழக்கே திரும்பியது.

டாக்டர் வந்து அப்பாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி ஆயிட்டிருக்கும்மா. இனி காத்திருக்க முடியாது."

அப்பா என்னைப் பார்த்தார். "எங்கன இருக்கா அவ?"

"மதுரையில எறங்கிட்டாப்பா. கார்ல வந்துக்கிட்டிருக்கா."

வாய்க்கு வந்த பொய். சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அக்கா கூப்பிட்டாள். பதற்றத்தில் எதை அழுத்தினேனோ, ஸ்பீக்கரில் அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏடி, மதுரையில மழைன்னு எறக்கல. திருச்சியில கொண்டாந்து விட்டுட்டாக. டாக்டர் என்ன சொல்றாக? அவர்ட்ட குடு."

என்னால் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டரிடம் அவள் மூன்று கேள்விகள் கேட்டாள். அவர் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டுப் போனை அப்பாவின் காதருகே பிடித்தார்.

"அப்பா, உள்ள போங்க. நான் அங்கன நின்னாலும் இதத்தேன் சொல்லுவேன்."

"நெசமாவா ஆத்தா? பொழச்சுக்கிருவேனா?"

"நெசமாப்பா. பயப்படாதீக."

அப்பா பேனாவுக்குக் கை நீட்டினார். கையெழுத்து தாளைவிட்டு வெளியே ஓடியது.

இரண்டரை மணி நேரம் ஆனது. ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் அப்பா வீடு திரும்பினார்.

ஆபரேஷன் நடந்த அன்று பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அக்கா வந்தாள். மயக்கம் தெளியாத அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள், போர்வையைச் சரிசெய்தாள். வெளியே வந்து வராந்தாத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர் சொன்னதக் கேட்டப்ப எனக்குக் கையி காலு ஓடலடி," என்றாள். "பொழைக்கிறது பாதிக்குப் பாதிதேன்னு சொன்னாரு. தெரிஞ்சேதேன் நெசம்னு சொன்னேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.