காகத்துக்கு விளக்கம் கேட்டார்கள்

சிட்னிக் காகம் கரைவதில்லை; பசித்த பிள்ளைபோல இழுத்து இழுத்து அழுகிறது. புறநகரான டூங்கபிக்குக் குடிவந்த முதல் வாரம் அப்பாவின் திதி வந்தது. சோறு படைத்து, காகத்துக்கு ஒரு பிடியை வேலிக் கட்டையில் வைத்தேன். "எலி வரும்" என்றார் பக்கத்து வீட்டு டொரீன். இறந்துபோன அப்பாவுக்கு வைத்தது என்றேன். மறுநாள் அனுதாப அட்டையும் கேக்கும் கொண்டுவந்தார். அப்பா போய்ப் பதினாறு வருஷம் என்று சொல்ல மனம் வரவில்லை. கேக்கைச் சாப்பிட்டோம்.

என் உத்தியோகம் போனதும் ஒரு காகத்தால்தான். எழுபதுகளின் நடுவில் நான் எங்கள் நாட்டுத் தூதரகத்தின் சிட்னிக் கிளையில் செயலாளன். மாலையில் குறியீட்டுக் கவிஞன். ஒருவன் சோறு வைத்துக் காத்திருக்கிறான், காகம் வரவில்லை. இவ்வளவுதான் கவிதை. ஊர்ச் சஞ்சிகையில் அது வந்ததும் மேலதிகாரி கூப்பிட்டார். அவரும் தமிழர்தான்.

"காகம் எண்டது ஆர்?"

"வராமல் போன எல்லாரும், சேர்."

"அப்பிடிச் சொல்லாதையும். காகம் வெறும் பறவை, வேற கருத்து ஒண்டும் இல்லை எண்டு எழுதித் தாரும். விசயம் முடிஞ்சுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்தச் சம்பளம் கொடுத்துப் பழக்கியவர்களே இவர்கள்தான். 'கவலையுடன் கவனிக்கிறோம்' என்று நான் எழுதினால் அது கோபம் என்று நாலு நாட்டுக்குத் தெரியும். அதையே கவிதையில் செய்தால் குற்றமாம்!

"ஒரு வரிதானே, எழுதிக் குடுங்கோவன். வேலை போனா இந்த நாட்டில என்ன செய்யிறது?" என்றாள் மனைவி. அவள் பயம் நியாயம். ஆனால் தமிழர் என்பதால் படிக்க இடமில்லாமல், வேலை இல்லாமல் ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லோரும் அந்தக் காகத்துக்குள் இருந்தார்கள். அவர்களை வெறும் பறவை என்று என் கையாலேயே எழுதுவதா? எழுதவில்லை. ராஜினாமாவை மட்டும் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். அதில் குறியீடு ஒன்றும் இல்லை.

இப்போது தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். உள்ளே இருப்பதுதான் வெளியிலும் எழுதியிருக்கும். என்னைப் போன்றவனுக்கு ஏற்ற தண்டனை. கவிதையை நிறுத்துவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

இந்த வருஷத் திதிக்கும் வேலியில் சோறு வைத்தேன். இறந்தவர்கள் காகமாக வந்து உண்பார்கள் என்பது இதற்குள் டொரீனுக்கும் தெரியும். வெள்ளைக் கண்ணுள்ள காகம் ஒன்று அழுதபடி இறங்கி, ஒரு பருக்கை விடாமல் தின்றது.

டொரீன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யார் அது, உங்கள் அப்பாவா?"

"அவரும் இருக்கிறார்" என்றேன்.