ஏரோப்பிளேன் காட்டில் உடைந்த மடை

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் கந்தம்மாளின் வயலை எல்லாரும் ஏரோப்பிளேன் காடு என்றுதான் சொல்வார்கள். உலகப்போர்க் காலத்தில் குண்டுபோடும் விமானம் ஒன்று அங்கே விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த ஆறு வெள்ளைக்காரர்களும் செத்துப்போனார்கள். கந்தம்மாளின் மாமனார் ஆண்டிக்கு அப்போது பதினாறு வயது. தீக்குள் கையை விட்டு ஒருவரை வெளியே இழுத்துப் போட்டார். அந்த ஆளும் பிழைக்கவில்லை. ஆண்டியின் வலதுகை விரல்கள் சாகும்வரை மடங்கியே கிடந்தன. விமானம் விழுந்த இடத்தில் அவர் நட்ட கல்லுக்கு, வாக்கப்பட்டு வந்த நாளாக முப்பத்திநாலு வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்தவள் கந்தம்மாள்.

ஆனால் பேப்பரில் வந்தது வஹீதுன்னிசாவின் போட்டோ.

கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவளுடையது. அன்றைக்கு ஆறு உடல்களுக்கும் வெள்ளைத்துணி கொடுத்தவர் அவளுடைய மாமனார். செத்தவர்களில் ஒருவருடைய பேர் பொறித்த கழுத்து வில்லை ஒன்றையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். வஹீதுன்னிசாவின் மகள் அஃபீபா அதைப் படம் பிடித்து இணையத்தில் போட, அந்த ஆளின் தம்பி மகள் இங்கிலாந்திலிருந்து கடிதம் எழுதிவிட்டாள். உடனே ஊரில் கமிட்டி போட்டார்கள், நினைவுக் கல்வெட்டும் தயாரானது. பேப்பர் படத்தில் வஹீதுன்னிசா சிரித்தபடி நின்றது கந்தம்மாளின் காட்டில், கந்தம்மாள் விளக்கு வைத்த கல்லை ஒட்டி. கல்வெட்டில் துணி கொடுத்தவர் பேர் இருந்தது. ஆண்டி பேர் இல்லை.

"ஏனுங்க, மாமனுக்குக் கை வெந்தது பெருசில்லையாம், அவிங்க துணி குடுத்ததுதான் பெருசாம். பாத்தீங்களா?" என்று கணவன் சின்னராஜிடம் குமுறினாள்.

"கமிட்டிக்காரங்க வந்து கேட்டப்ப, எல்லாத்தையும் பாயம்மா ஊட்டுலயே கேட்டுக்கங்கன்னு நீதான தொரத்தி உட்ட?"

அவன் சொன்னது உண்மை என்பதாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

கடிதம் எழுதிய இங்கிலாந்துக்கார அம்மா கல்லைப் பார்க்க வருகிற நாளன்று விடியும்போதே கந்தம்மாள் மம்முட்டியோடு போய் வாய்க்கால் மடையை உடைத்துவிட்டாள். வண்டித்தடம் முழுக்கத் தண்ணீர் பாய்ந்து சேறானது. வஹீதுன்னிசா காரில் பவுசாக வந்து இறங்கட்டும் பார்க்கலாம் என்று வெற்றிலைக் கொடிக்கால் ஓரம் நின்றுகொண்டாள்.

கார் ரோட்டிலேயே நின்றது. எழுபது வயது மதிக்கத்தக்க அந்த அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தாள். அவளைத் தாங்கிக்கொண்டு வந்த வஹீதுன்னிசா பாதி வழியில் வழுக்கி விழுந்தாள். கந்தம்மாளுக்கு ஒரு கணம் இனித்தது. விழுந்தவள் எழுந்திருக்கவில்லை என்றதும் ஓடினாள்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போது வஹீதுன்னிசா அவள் காதருகே கேட்டாள். "கணுக்கால் பெசகிருச்சு, மெதுவாப் புடி. மடைய நீதான ஒடச்ச? மம்முட்டி அங்கயே கெடக்குது."

கந்தம்மாள் அவளுடைய கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆருங்க தண்ணிய இப்பிடித் தொறந்து உட்டது?" என்று கமிட்டித் தலைவர் ஆனந்தகுமார் கரையிலிருந்து கத்தினார்.

"இன்னைக்கு மொறைத் தண்ணி வர்ற நாளு தம்பி. மடை தானா ஒடஞ்சிருக்கும்" என்றாள் வஹீதுன்னிசா. பிறகு மகளைப் பார்த்து, "இவங்க மாமனாருதான் தீயில கைய உட்டவருன்னு அந்தம்மாகிட்டச் சொல்லு" என்றாள்.

அஃபீபா இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மா கந்தம்மாளின் சேற்றுக் கைகளை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். கந்தம்மாளுக்கும் கண் நிறைந்தது. ஆனாலும் அந்தக் கண்ணீருக்கு நடுவிலும் ஒன்று உறுத்தியது: தன் மாமனாரைப் பற்றித் தான் சொல்லியிருக்க வேண்டியதை இவள் சொல்லிவிட்டாளே.

அடுத்த மாதம் கல்வெட்டில் ஆண்டியின் பேர் ஏறியது. காலில் கட்டோடு வஹீதுன்னிசா ஆனந்தகுமார் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தாளாம். ஊரெல்லாம் அதே பேச்சு, என்ன மனசு பார் என்று.

"இன்னும் ஏம்புள்ள மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்குற? அப்பன் பேருதான் வந்துருச்சே" என்றான் சின்னராஜ்.

"வந்துருச்சு. அதையும் அவதான வாங்கிக் குடுத்தா" என்றாள் கந்தம்மாள்.