விளக்கவும் அல்லது நீக்கவும்

கோப்பு இருக்கிறது. கோப்பில் தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது. ஆகவே இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட யாருக்கும் வழியில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் கோப்பில் எழுத முடியவில்லை. அன்று பிற்பகல் 3:06-க்கு அந்த அறையில் என்ன நடந்தது என்பதை.

ராத்திரி இல்லை, கவனியுங்கள். பட்டப்பகல். சனிக்கிழமை. ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவள் காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, 'இது என்னுடையது, வேறு யாரும் செய்யக் கூடாது' என்று உரிமை கேட்டால், அது நிஜமாகவே புதிதா, சொன்னபடி வேலை செய்கிறதா என்று துருவிப் பார்ப்பது அவள் உத்தியோகம். ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் விடமாட்டாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குக் கொக்கி என்று பெயர். இளையவர்கள் மட்டும் மரியாதையாக 'கொக்கி அக்கா' என்பார்கள்.

கொக்கிக்கு ஆறு வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. பக்கத்தில் வெடி வெடித்தாலும் அந்தக் காதுக்குத் தெரியாது.

"மத்தவங்க இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுவாங்க. நம்ம அக்காவுக்கு வெளியே போற வழி அடைச்சிருக்கு. உள்ள போனது போனதுதான்" என்று பக்கத்து அறைக்காரர் கேலி செய்வார். வீட்டில் கணவர் அவளைத் திட்டவேண்டுமென்றால் இடது பக்கமாக வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஒற்றைக் காதுக்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சத்தம் கேட்கும். எங்கிருந்து கேட்கிறது என்று தெரியாது. திசை தெரிய இரண்டு காது வேண்டும். யாராவது 'அக்கா' என்று கூப்பிட்டால் கொக்கி நாலு பக்கமும் திரும்பிப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் அந்த விண்ணப்பம் வந்து சேர்ந்தது. இடிந்த கட்டடத்துக்கு அடியில் சிக்கியவர்களைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் கருவி. இடிபாட்டைச் சுற்றிப் பன்னிரண்டு மைக். உள்ளே யாராவது முனகினாலோ தட்டினாலோ, பக்கத்து மைக்குக்கு முதலில் கேட்கும், தூரத்து மைக்குக்குக் கொஞ்சம் பிந்திக் கேட்கும். அந்தப் பிந்தலைக் கணக்குப் போட்டு, ஆள் எங்கே என்று கருவி படத்தில் புள்ளி வைத்துவிடும்.

கருவியைக் கண்டுபிடித்தவர் ஓர் எஞ்சினியர். ஏழு வருட உழைப்பு. நிஜமான விபத்திலேயே சோதித்துப் பார்த்திருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9:40-க்கு ஒரு நாலு மாடித் தையல்கூடம் இடிந்து விழுந்தது. மறுநாள் மாலை, முப்பத்தொரு மணி நேரம் கழித்து, கருவியைக் கொண்டுபோய் வைத்தார். ஐந்து புள்ளிகள். தோண்டினார்கள். ஐந்து பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். 'ஒரு தவறான புள்ளிகூட விழவில்லை' என்பதுதான் விண்ணப்பத்தின் உயிர்நாடி. உரிமை கிடைத்தால் கருவியை எல்லா மீட்புப் படைகளுக்கும் செய்து தரலாம். கிடைக்காவிட்டால் ஏழு வருடமும் குப்பைக்கூடைக்கு.

கொக்கி ஐந்து வாரத்துக்கு முன்பு அதில் ஒன்பது குறை கண்டிருந்தாள். எட்டுக் குறைகளுக்கு நல்ல பதில் வந்துவிட்டது. ஒன்பதாவது சின்ன விஷயம். இடிபாட்டின் வரைபடத்தில் ஐந்து புள்ளிகளுக்கு 201 முதல் 205 வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதியிருந்தார்கள். படத்தில் 206 என்று இன்னொரு எண்ணும் இருந்தது. விளக்கம் இல்லை.

இந்த மாதிரி இடத்தில் பரிசோதகர்கள் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு. ஆயிரம் தடவை எழுதிக் கை பழகிய வாக்கியம்.

'206 என்ற எண்ணுக்கு விளக்கம் இல்லை. விளக்கவும் அல்லது நீக்கவும்.'

நீக்கிவிட்டார்கள்.

விண்ணப்பத்தில் முடிவு சொல்லத் திங்கட்கிழமை கடைசி நாள். அதனால்தான் சனிக்கிழமை வந்திருந்தாள். தளத்தில் வேறு யாரும் இல்லை. மதியம் 1:55-க்குக் கணவர் போன் செய்தார்.

"லீவு நாள்ல யாரை மாட்டிவிடப் போறே?"

"யாரையும் இல்லை. இன்னைக்கு ஒருத்தருக்கு நல்லது செய்யப் போறேன்."

"உலகம் அழியப் போகுதுடி" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

கொக்கி திருத்திய படத்தை விரித்தாள். 206 போயிருந்தது. ஆனால் எண்ணிலிருந்து புள்ளிக்குப் போன மெல்லிய கோட்டை அழிக்க மறந்துவிட்டார்கள். கோடு மட்டும் தனியாக நின்றது. எதையோ காட்டுகிற விரல் மாதிரி.

அவளுக்கு அது உறுத்தியது.

சோதனையில் பதிவான பன்னிரண்டு மைக்கின் ஒலியையும் எஞ்சினியர் சாட்சிக்காகக் கொடுத்திருந்தார். கொக்கி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மணி 2:17.

முதலில் இரைச்சல். ஜெனரேட்டர் உறுமல். ஒரு விசில். "யாரும் பேசாதீங்க!" என்று யாரோ கத்துகிறார்கள். பிறகு அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு முனகல், ஓர் இருமல், இரும்பில் எதையோ தேய்க்கும் ஒலி... ஒவ்வொன்றாக ஐந்து பேர். எல்லாம் விண்ணப்பத்தில் சொன்னபடிதான்.

இருபத்தாறாவது நிமிடத்தில் வேறு ஒன்று.

டொக். டொக். டொக்.

இடைவெளி.

டொக். டொக். டொக்.

திரையில் பன்னிரண்டு மைக்குக்கும் பன்னிரண்டு கோடுகள். அந்தத் தட்டல் நான்காவது மைக்கில் முதலில் விழுந்திருந்தது. ஒன்பதாவது மைக்கில் நாற்பத்தொரு மில்லி நொடி பிந்தி. நடுவில் மற்றவை, படிக்கட்டுபோல் ஒன்றன்பின் ஒன்றாக. கொக்கி தாளில் கணக்குப் போட்டாள். இரண்டு தடவை போட்டாள். விடை ஒன்றுதான். மாடிப்படிக்கு அடியில்.

கோடு காட்டிய அதே இடம்.

2:41-க்கு எஞ்சினியரைப் போனில் பிடித்தாள்.

"206 என்ன சார்?"

"அதுவா மேடம்... அது எதிரொலி."

"எதிரொலி மூணு மூணாத் தட்டுமா?"

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"தோண்டினீங்களா?"

"ரெஜிஸ்டர்ல அஞ்சு பேரு மேடம். அஞ்சு பேரும் வந்தாச்சு. அதுக்கப்புறம் வேலையை நிறுத்திட்டாங்க. நிலத்துமேல கோர்ட்டு கேஸ் வேற. இன்னைக்கு வரைக்கும் இடிஞ்சது இடிஞ்ச மாதிரியே கிடக்கு."

"அப்புறம் எதுக்கு நம்பர் போட்டீங்க?"

"நாங்க போடலை. மெஷின் போட்டுச்சு." குரல் இறங்கியது. "நீங்கதானே மேடம் நீக்கச் சொன்னீங்க..."

போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை அவளை விடவில்லை.

206 பொய் என்றால், 'ஒரு தவறான புள்ளிகூட இல்லை' என்பதும் பொய். விண்ணப்பம் அவுட். 206 நிஜமென்றால், ஓர் ஆளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் படத்தில்தான் இப்போது 206 இல்லையே? கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையெழுத்து. அந்தக் கருவியால் நாளைக்கு நூறு பேர் பிழைக்கலாம். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தட்டலுக்காக அதைக் கெடுப்பதா?

பேனாவை எடுத்தாள்.

வைத்தாள்.

இன்னொரு தடவை கேட்டுவிடலாம்.

மணி 3:04. இருபத்தாறாவது நிமிடத்துக்குப் போனாள்.

டொக். டொக். டொக்.

திரையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

படிக்கட்டு இல்லை.

பன்னிரண்டு கோடுகளிலும் தட்டல் ஒரே மில்லி நொடியில் விழுந்திருந்தது. அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல.

அப்படி நடக்கவே முடியாது. நான்காவது மைக் ஒரு மூலை, ஒன்பதாவது மைக் எதிர் மூலை, மற்றவை வெவ்வேறு தூரத்தில். ஒரே சத்தம் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் எட்ட வேண்டுமென்றால், அது ஒவ்வொரு மைக்குக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தாளில் போட்ட கணக்கு இருந்தது. நாற்பத்தொன்று என்று அவள் கையெழுத்து இருந்தது.

திரையில்... பூஜ்யம்.

3:06.

தட்டல் நின்றது.

மூச்சு.

யாரோ மூச்சு விடுகிறார்கள். தூசியை விழுங்கி... விழுங்கி...

ஒலியைக் கூட்டினாள். அப்போதுதான் உறைத்தது.

அந்த மூச்சு இடது பக்கம் கேட்கிறது.

இடது காதில்.

முப்பத்தாறு வருடம் செத்துக்கிடந்த காதில்.

முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

மூச்சு நிற்கவில்லை.

கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது...

ஓர் ஆண் குரல். களைத்த குரல். காதுமடலை ஒட்டி.

"நீக்கிடாதீங்கம்மா..."

அவ்வளவுதான்.

எப்படி எழுதினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கை எழுதியது. பத்தாவது ஆட்சேபம்: '206 என்ற எண்ணை நீக்கக் கூடாது. அது யார் என்பதை விளக்கவும்.' கையெழுத்து. முத்திரை. முத்திரை 'தட்' என்று விழுந்ததும் மூச்சு நின்றது. இடது காது பழையபடி கல்லாகிவிட்டது.

திங்கட்கிழமை பக்கத்து அறைக்காரர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எண்ணுக்கு 'என்ன'ன்னுதானே கேட்கணும்? 'யாரு'ன்னு கேட்டிருக்கீங்களே அக்கா?"

கொக்கி கோப்பை வாங்கி மூடினாள். அவள் மனதில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒலி பதிவானது இரண்டு வருடத்துக்கு முன்பு. 'நீக்கவும்' என்று அவள் எழுதியது ஐந்து வாரத்துக்கு முன்பு.

எஞ்சினியரைக் குறை சொல்லக் கூடாது. மனிதர் மழுப்பவில்லை. பத்தாவது ஆட்சேபத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய ஒலிப்பதிவோடு மீட்புத் துறை அலுவலகத்தின் வாசலில் போய் நின்றார். "எனக்கு பேட்டன்ட் போனாலும் பரவாயில்லை, தோண்டுங்க" என்றாராம். பத்தொன்பதாம் நாள் மாடிப்படியைப் பெயர்த்தார்கள்.

இருந்தது.

ஒரு காவலாளி. அந்தக் கட்டடத்தின் நிரந்தரக் காவலாளி அன்று ஊருக்குப் போயிருந்தான். யாரிடமும் சொல்லாமல் தனக்குப் பதிலாக ஒருவரை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். ஒரே ஒரு நாளைக்கு வந்த பதில் ஆள். ரெஜிஸ்டரில் பெயர் ஏறவில்லை. தேடி வர வீட்டிலும் யாரும் இல்லை. கைவிரல்களுக்குள் ஒரு சாவிக்கொத்து இறுகிக் கிடந்தது.

ஆகக் கருவி வைத்த ஆறு புள்ளியில் ஒன்றுகூடத் தவறில்லை. விண்ணப்பத்துக்கு உரிமை கிடைத்தது. கொக்கி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

அந்த நிம்மதி நாலு நாள். பிறகு மருத்துவரின் அறிக்கை வந்தது. மண்டையோடு முழுக்க நொறுங்கியிருந்தது. தூண் தலைமேல் நேராக இறங்கியிருக்கிறது. கட்டடம் விழுந்த அந்த நிமிடத்திலேயே உயிர் போயிருக்க வேண்டும். காலை 9:40.

மைக் வைத்தது முப்பத்தொரு மணி நேரம் கழித்து.

அப்படியென்றால் தட்டியது யார்?

கொக்கியால் பொறுக்க முடியவில்லை. பிழைத்த ஐந்து பேருக்கும் போன் போட்டாள். ஐந்து பேரும் இடிபாட்டின் வெவ்வேறு மூலையில், ஒருவருக்கொருவர் தெரியாமல் சிக்கியிருந்தவர்கள். ஐந்து பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். முப்பத்தொரு மணி நேரமும் ஓர் ஆள் அவர்களோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். தூங்கிடாதீங்க, தண்ணி கேட்டு அழாதீங்க, ஆள் வந்துட்டாங்க என்று. மீட்க வந்தவர்களிடம் அன்றே சொன்னதற்கு, மயக்கத்தில் உளறுகிறீர்கள் என்றார்களாம். சத்தம் எங்கிருந்து வந்தது? காதுக்குப் பக்கத்திலிருந்து. ஐந்து பேருக்கும் காதுக்குப் பக்கத்திலேயே.

கடைசியாக வெளியே வந்தவர், கூட்டிப் பெருக்குகிற ஓர் அம்மா. அவரிடம்தான் கொக்கி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாள்.

"உங்களைத் தூக்கும்போதும் பேசினாரா?"

"பேசினாரு தாயி. 'நீங்களும் வாங்கண்ணே'ன்னேன். அதுக்கு அவரு..."

போனில் அந்த அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"'நீ போம்மா. எல்லாரும் வெளிய போனப்புறம் பூட்டிட்டுத்தான் நான் வரணும்'னாரு."