கடைசி ஆளாக மாவரைத்தோம்: கயலோடு அஞ்செட்டிப் பக்கம் ஒரு நாள்

2009 ஜனவரியில், பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஓசூரிலிருந்து அஞ்செட்டிப் பக்கம் போய் வந்தோம். என் மகள் கயல் மற்ற பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடும் களியையே சாப்பிட வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம். படிக்கிறவர்களுக்கு இது சிறிய காரணமாகத் தெரியலாம். எங்களுக்கு ஏற்பாடு செய்ய மூன்று வருடம் பிடித்தது.

கயலுக்கு ஆறு வயது. பால், கோதுமை, நிலக்கடலை மூன்றும் ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று பொருள் இல்லை, சளி பிடிக்கும் என்றும் பொருள் இல்லை. உதடு வீங்கி மூச்சு இழுக்கும். ஒருமுறை ரொட்டி நறுக்கிய கத்தியால் வெட்டிய ஆப்பிள் துண்டுக்கே மருத்துவமனை வரை போயிருக்கிறோம். இதை விளக்கினால் எல்லோரும் கவனமாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு நெய் பால் இல்லை என்றும், ரவை கோதுமை இல்லை என்றும், 'கொஞ்சூண்டு' என்பது எதுவுமே இல்லை என்றும் முடிவுசெய்து பரிமாறுவார்கள். இதுவரை கயலுக்கு ஆபத்து செய்த அத்தனை பேரும் அவள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான். வேண்டாதவர்களால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

எனவே கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவளுக்குத் தனி டப்பா, தனி அறை, காவலுக்கு நானோ என் மனைவி மாலதியோ. எங்கள் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் முனிரத்தினம் வருடா வருடம் கூப்பிடுவார். அஞ்செட்டி தாண்டி அவர் அண்ணன் வீட்டில் கேழ்வரகுப் போர் அடித்து முடித்ததும் களத்திலேயே களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் போடுவார்கள். ஊறவைத்த மொச்சையைத் தோல் நீக்கிப் பிதுக்கி வைக்கும் குழம்பு அது. கேட்டுப் பார்த்தால் அதில் ஆகாதது கடலை எண்ணெய் மட்டும்தான். இந்த வருடம் கயலே சொல்லிவிட்டாள்: "நானும் எல்லார்கூடவும் வரிசையில உக்காருவேன். டப்பா வேண்டாம்." சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். சோதிக்காமல் எதற்கும் ஒப்புதல் தருவதில்லை. வீட்டில் மட்டும் இப்படி நடக்கிறது.

காலை 6.20க்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் ஏறினோம். தேன்கனிக்கோட்டை 26 கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய், கயலுக்கு அரை. ஆறு பைகள்: பாத்திரம், தேங்காய் எண்ணெய் இரண்டு லிட்டர், வீட்டில் கழுவிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு, துணிமணி, தண்ணீர், துடைக்கிற துணிகள். மருந்துப் பை கணக்கில் வராது. அது என் தோளை விட்டு இறங்குவதில்லை.

7.15க்குத் தேன்கனிக்கோட்டையில் இறங்கியதும் பைகளை எண்ணினேன். ஆறு. 7.50க்கு அஞ்செட்டி பஸ்ஸில் ஏறும்போதும் எண்ணினேன். ஆறு. அங்கிருந்து 25 கிலோமீட்டர், ஒன்பது ரூபாய், பாதிக்கு மேல் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் பாதை. யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். யானைகள் அதைப் படித்துவிட்டு வேறு இடத்தில் கடக்கின்றன என்றார் நடத்துநர். காடு முடிந்ததும் ஊருக்கு ஊர் சாலையில் கேழ்வரகுத் தாளைப் பரப்பியிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி ஏறி மணி உதிர்ந்துவிடும். எங்கள் பஸ் ஏழு வீட்டுப் போரை அடித்துக் கொடுத்தது. அதற்காக டிக்கெட்டில் எதுவும் குறைக்கவில்லை.

9.15க்கு அஞ்செட்டி. முனிரத்தினம் ஒரு ஆட்டோவோடு காத்திருந்தார். நான்கு கிலோமீட்டர், முப்பது ரூபாய். அண்ணன் வீட்டில் இறங்கி, மாலதி மாவுப் பையைப் பிரித்தாள். உள்ளே நான்கு படி கொள்ளுப் பயறும், மாட்டுக்குக் கட்டும் புது மூக்கணாங்கயிறு இரண்டும் இருந்தன.

நான் எண்ணியதில் பிழை இல்லை. ஆறு பைகள்தான். ஆறில் ஒன்று யாருடையது என்று பார்ப்பது எண்ணிக்கைப் பிரிவில் வராது. எங்களுடையதைப் போலவே மஞ்சள் துணிப்பை, அதே கடை அச்சு. எங்கள் மாவு ஓசூர் பஸ்ஸிலேயே போய்விட்டது. யாரோ ஒருவர் தன் மாட்டின் மூக்கில் மாவைக் கட்டப் பார்த்துக்கொண்டிருப்பார். (மாலையில் தேன்கனிக்கோட்டை நேரக் காப்பாளர் அறையில் பைகள் கைமாறின. அந்தப் பைக்காரரும் என்னைப் போலவே எண்ணியவர்.)

"சோறு பொங்கிரலாம்ங்க. ரூமுக்குள்ள வச்சு ஊட்டிவிட்டுர்றேன்," என்றாள் மாலதி.

"நான் சோறு திங்க வரல," என்றாள் கயல். அழவில்லை. அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

முனிரத்தினத்தின் அண்ணி லட்சுமம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். தெலுங்கில் யோசித்துத் தமிழில் திட்டுகிறவர். "இதுக்கா மூஞ்சி தொங்குது? எங்க வூட்டுல கேவுருக்கா பஞ்சம்? களி கிண்ட இருவது படி இன்னிக்கி அரைக்கணும். பாப்பாவுக்கும் சேத்து அரைச்சிக்கினா ஆச்சி."

கேழ்வரகு பிரச்சினை இல்லை. மில்தான் பிரச்சினை. ஊருக்கு ஒரே மாவு மில், ஒரே கல். முன்னால் என்ன அரைத்தார்களோ அதன் மிச்சம் அடுத்தவர் மாவில் வரும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரேஷன் கோதுமை அரைக்க ஆட்கள் வருவார்கள். மும்முனை மின்சாரம் பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விடும்.

கேழ்வரகைப் புடைத்து அளந்து, களத்துக்கான மூட்டையோடும் கயலுக்கான இரண்டு படி போட்ட தூக்கோடும் நானும் லட்சுமம்மாவும் மில்லுக்குப் போனபோது மணி 11.40. நான் பயந்தபடியே ஒரு பெண்மணி கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். காற்றிலேயே கோதுமை இருந்தது. அவருக்குப் பின்னால் நான்கு பேர், எல்லோரிடமும் கேழ்வரகு. மில்காரர் கோவிந்தப்பா புருவம் வரை வெள்ளையாக இருந்தார்.

"ஓசூர்ல இருந்து வந்திருக்காங்க, சின்னப் பாப்பா," என்று லட்சுமம்மா சொன்னதுதான் தாமதம், நான்கு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். விருந்தாளி காத்திருந்தால் ஊருக்கு மரியாதை இல்லையாம்.

"நீங்க முன்னாடி போங்க சார்."

"இல்லைங்க, நாங்கள் கடைசியில் வருகிறோம்."

"அதெல்லாம் ஆவாது. விருந்தாளிங்க. மொதல்ல போடுங்க."

கோதுமைக்கு அடுத்த இடம். கயலுக்கு அந்தக் கல்லிலேயே மிக மோசமான இடம். அதை மாலை போடாத குறையாகக் கொடுத்தார்கள். நான் மறுத்தேன். அவர்கள் வற்புறுத்தினார்கள். ஒருவர் என் தூக்கைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டவே போய்விட்டார். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மரியாதைக்கு எதிராக இப்படி உடல் பலத்தைப் பயன்படுத்தியது எனக்கு அதுவே முதல்முறை.

"கடைசியா அரைக்கிறன்னு சண்ட போடற ஆள இப்பத்தான் பாக்குறன்," என்றார் கோவிந்தப்பா.

லட்சுமம்மா நடுவில் வந்தார். "யோவ், மொளகா அரைச்சா பின்னாடி நீ அரைப்பியா? அரிசிய எடுத்துக்கினு வூட்டுக்கு ஓடுற இல்ல? பாப்பாவுக்கு கோதும அந்த மாதிரி. மொளகாய்க்கு மேல. புரிஞ்சிதா?"

புரிந்துவிட்டது. மூன்று வருடமாக நான் மருத்துவ வார்த்தைகளில் சொல்லி ஒருவருக்கும் ஏறாத விஷயம், மிளகாய் என்றதும் அரை நிமிடத்தில் ஏறிவிட்டது. மிளகாய்க்குப் பின்னால் நின்று கண் எரியாத ஆள் அந்த ஊரில் இல்லை. வரிசை தானாகத் திருத்தப்பட்டது. முதலில் நான்கு பேரின் கேழ்வரகு, அடுத்து களத்துக்கான இருபது படி, அவ்வளவு கேழ்வரகும் ஓடிக் கல்லைக் கழுவிவிட்ட பிறகு கயலுக்கான இரண்டு படி. நடுவில் கோவிந்தப்பா மாவு விழும் துணிக்குழாயைக் கழற்றி, புறம் திருப்பி, வெளியே எடுத்துப்போய்க் கல்லில் அறைந்து உதறினார்.

இப்போது கவலை மின்சாரம். களத்து மாவு முடிந்தபோது 12.46. எங்கள் இரண்டு படி தொட்டியில் விழுந்தது 12.49. வரிசையில் நின்ற நான்கு பேரில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 12.57க்குத் தூக்கு நிறைந்தது. மின்சாரம் 1.10க்குத்தான் போனது. வாரியத்திலும் அன்று யாரோ தாமதமாக எழுந்திருக்கிறார்கள்.

வீட்டில் மாலதி எண்ணெய்ப் பிரச்சினையை முடித்து வைத்திருந்தாள். ஊரில் கடலை எண்ணெய்தான். அவள் தன் இரண்டு லிட்டரையும் கொடுத்து முப்பத்தைந்து பேர் குழம்பையும் தேங்காய் எண்ணெயில் தாளிக்க வைத்துவிட்டாள். களத்தில் போர் அடித்த ஒருவர் முகர்ந்து பார்த்து, "என்னாக்கா, கொழம்பு கேரளா போயிட்டு வந்துச்சா?" என்று கேட்டார். "துன்னுட்டு சொல்லுடா," என்றார் லட்சுமம்மா.

2.20க்குக் களத்தில் பந்தி. முதல் வரிசை பிள்ளைகளுக்கு, பதினொரு பேர். கயல் நடுவில். நான் பத்தடி தள்ளி கயலின் களி இருந்த சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கரண்டி எதில் போகிறது என்பதில்தான் என் கவனம் முழுவதும். மாலதி குழம்புக் குண்டானைக் காத்தாள். இரண்டு வாசலிலும் ஆள் போட்டாகிவிட்டது.

மூன்றாவது வாசல் இருப்பது எங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டில் வெறும் இலையில் சாப்பாடு வைக்கக்கூடாது. முதலில் ஒரு சொட்டு நெய்யால் இலையைத் தொட வேண்டும். அதைச் சாப்பாடு என்றே அவர்கள் நினைப்பதில்லை. கை கழுவுவது போல. மில்லில் எனக்காகச் சண்டை போட்ட அதே லட்சுமம்மா, கிண்ணத்தோடு வரிசையில் வந்து, பேசிக்கொண்டே பதினொரு இலையையும் தொட்டுவிட்டார். நான் தலை நிமிர்ந்தபோது கயலின் இலையில் நெய் மின்னியது. களி உருண்டை அதன்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கத்த வாயைத் திறந்தேன்.

கயல் கையைத் தூக்கினாள். பள்ளியில் தூக்குவது போல.

"அத்தை, இந்த இலையில நெய் பட்டுருச்சு. எனக்கு வேற இலை வேணும். கையைக் கழுவிட்டு வைங்க."

வரிசை அப்படியே நின்றது. லட்சுமம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யோ தேவுடா. கை தன்னால போயிடுச்சி கண்ணு." இலையோடு சுருட்டி எடுத்துப்போனார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். புது இலை வந்தது, சட்டியிலிருந்து வேறு உருண்டை வந்தது. நான் திறந்த வாயை மூடினேன். செய்வதற்கு எனக்கு ஒன்றும் மீதி இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "நெய்யி புடிக்காதா உனக்கு?"

"புடிக்குமான்னு தெரியாது. துன்னதில்ல. மூச்சு வராது."

"அப்ப உன் நெய்ய எனக்கு குடுக்கச் சொல்லு."

கயல் காலையில் வந்தவள், மதியத்துக்குள் 'துன்னதில்ல' என்று பேசிக்கொண்டிருந்தாள். பிறகு களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, வாயில் போட்டு மென்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும். "கடிக்கிறா பாரு! ஏ, களிய கடிக்கிறா!" என்று பத்துப் பேரும் கை காட்டிச் சிரித்தார்கள். கயலும் சிரித்தாள். பால் குடிக்காதவள், டப்பாக்காரி என்று இதுவரை கேட்டிருக்கிறாள். களி தின்னத் தெரியாததற்காக அவளை யாரும் கேலி செய்தது இதுவே முதல்முறை. மாலதி குண்டானை விட்டுவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அழுதாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வெங்காயம் என்று நினைத்திருக்கலாம்.

சாப்பிட்டு முடித்த 2.45லிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மூன்றரைக்கு அவள் வைக்கோல் போரில் சறுக்கிக்கொண்டிருந்தாள். நாலரைக்கும் சறுக்கிக்கொண்டிருந்தாள். உதடு உதடாகவே இருந்தது. 5.15 பஸ்ஸில் புறப்பட்டோம்.

இதேபோல் பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குச் சில விவரம். ஓசூரிலிருந்து காலை முதல் இரண்டு பஸ்ஸை விட்டால் தேன்கனிக்கோட்டையில் நிறைய நேரம் நிற்க வேண்டும். காட்டுப் பாதையில் கைபேசி வேலை செய்யாது. நாங்கள் போன ஊரிலிருந்து தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனைக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். மருத்துவர் தந்த மருந்து கையோடு இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டாதீர்கள். வழியில் எந்த எண்ணெய் என்று கேட்காமல் எதையும் வாங்கித் தராதீர்கள். மாவு மில்லில் மரியாதைக்கு மயங்காமல் கடைசி இடத்தைக் கேட்டு வாங்குங்கள். பானை, கரண்டி, எண்ணெய் எல்லாம் பார்த்தபின் இலையையும் பாருங்கள். ஆகாத பொருளின் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், அதைப் பெரியவர்களிடம் சத்தமாகச் சொல்லவும் பழக்குங்கள். கயலுக்கு நாங்கள் அதைச் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. நாங்கள் நூறு வீட்டில் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு பிறந்தநாள். கயல் தனியாகப் போனாள். நானும் மாலதியும் இனி வாசலில் போய் நிற்பதில்லை என்று முடிவுசெய்திருந்தோம். அதன்படி எதிர் வரிசையில், கரண்ட் கம்பத்துக்குப் பின்னால் நின்றோம். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு, "எந்த எண்ணெய்னு நானே கேட்டுட்டேன், சிப்ஸ் மட்டும்தான் சாப்பிட்டேன், வாங்க போலாம்," என்று எங்கள் இருவரையும் பத்திரமாக வீட்டுக்கு அழைத்துவந்தாள்.