தேர்க்கட்டையும் ஏரோப்பிளேனும்

1963 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் விடிவதற்குள் எழுந்தேன். கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். பேனாவுக்கு மை நிரப்பினேன். முந்தின நாள் டைரியில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்தேன். இட்லி, காபி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆலங்குடி பஸ் காத்திருந்தது. ஜன்னலோரம் இடமும் கிடைத்தது.

அன்றைய டைரியில் ஒழுங்கான கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ராத்திரி எழுதிய கிறுக்கல். இந்த வாரம் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆலங்குடிப் பக்கம் கடலைச் செடியெல்லாம் கம்பளிப்புழு. கையால் பொறுக்கி மாளவில்லை. ஏரோப்பிளேனில் மருந்து தெளிக்க ஏற்பாடாயிற்று. யூனியன் ஆபீஸ் மானேஜர் என்ற முறையில் தரை வேலை என் பொறுப்பு — விமானம் இறங்கும் பொட்டலைச் சுத்தம் செய்வது, கூட்டம் உள்ளே வராமல் கயிறு கட்டுவது, மருந்து கலக்கத் தண்ணீருக்கு ஆள் வைப்பது.

வானத்தில் பறப்பதுதான் ஆபத்து என்று நாமெல்லாம் நினைக்கிறோம், இல்லையா? அன்று காலை வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பொட்டல் நல்ல செம்மண் பொட்டல். ஆனால் கண்மாய்ப் பக்கமாக லேசான சரிவு. பைலட் கோயமுத்தூர்க்காரர், இளைஞர். இறங்கியதும் அதைத்தான் பார்த்தார். "சார், நிறுத்தினா வண்டி தானா உருளும்ங்க. சக்கரத்துக்குக் கட்டை வேணும்." அவர்களுடைய கட்டைகள் வரவேண்டிய லாரி திருச்சியில் ரிப்பேராகி நின்றுவிட்டது.

பஞ்சாயத்துத் தலைவர் யோசிக்கவே இல்லை. "கட்டைதானே? நம்ம வெள்ளைச்சாமியக் கூப்புடுங்க."

வெள்ளைச்சாமி தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். தேர் பார்த்தவர்களுக்கு அந்த வேலை தெரியும். அத்தனை பேர் இழுத்துவரும் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்த ஒரு கட்டைதான். ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் குனிந்து போய் அதைச் செருக வேண்டும். கண் சக்கரத்தை விட்டு அசையக்கூடாது. நிமிர்ந்து பார்த்தால் கை போய்விடும். கட்டையில் நீளமாக ஒரு கயிறு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் இன்னொருவர் நிற்பார். ஏதாவது என்றால் வெடுக்கென்று இழுக்க.

அன்று கட்டையும் கயிறும் வந்தன. பின்னால் நிற்கும் ஆள் வரவில்லை. இந்தச் சின்ன வண்டிக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

விமானத்து மெக்கானிக் ஆரோக்கியசாமிக்குச் சொந்த ஊர் ஆவூர். வெள்ளைச்சாமியைத் தனியாக அழைத்து, விமானத்தின் மூக்கில் இருந்த புரொப்பெல்லரைக் காட்டிச் சொன்னார்: "அண்ணே, காத்தாடி சுத்துற வரைக்கும் எறக்கைக்குப் பின்னாலயே நிக்கணும். நின்னப்புறம் வாங்க."

"காத்தாடியோட எனக்கென்னப்பா பேச்சு? நமக்குச் சக்கரந்தான்."

வெள்ளைச்சாமியின் மனைவி ராக்கம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்றார். "கொட்டு இல்ல, வடம் இல்ல... இதுக்குக் கட்டை போடுறதுக்கு இவருக்கு முண்டாசு வேற."

"போடி அங்கிட்டு."

முதல் இரண்டு தடவையும் ஒரு குறையும் இல்லை. விமானம் இறங்கும். என்ஜின் நிற்கும். வெள்ளைச்சாமி பின்பக்கமாகப் போய்க் கட்டை வைப்பார். மருந்தை நிரப்புவார்கள். கட்டையை எடுப்பார். விமானம் கிளம்பும்.

மூன்றாவது தடவை இறங்கியபோது ஆடிக்காற்று எழும்பிவிட்டது. இன்னும் வலுத்தால் மருந்து தெளிக்க முடியாது, நேரம் இல்லை. சூடான என்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது சிரமம். அதனால் பைலட் என்ஜினை ஓடவிட்டபடியே பிரேக்கை மிதித்து நின்றார். மருந்து டிரம்கள் சரிவில் இருந்தன. அங்கே ஐந்தாறு பெண்கள் குடங்களோடு.

பிரேக் பிடிக்கவில்லை.

விமானம் மெதுவாக, ஒரு மாட்டுவண்டி வேகத்தில், டிரம்களை நோக்கி உருளத் தொடங்கியது. பைலட் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தார்; முன்னால் யார் இருப்பதும் அவருக்குத் தெரியாது. தரையில் இருக்கும்போது அந்த விமானத்தின் மூக்கு மேல்நோக்கி இருக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு நேர் எதிரே வானம்தான்.

கயிற்றுக்கு வெளியே இருந்த கூட்டம் பின்வாங்கியது. ஆரோக்கியசாமி டிரம் பக்கத்தில் இருந்தார், கத்தினார். என்ஜின் சத்தத்தில் அவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. நான் கயிற்றோரம் நின்றேன். காலை எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

வெள்ளைச்சாமிக்குத் தோன்றிவிட்டது.

சக்கரம் உருளுகிறது. எதிரே பெண்கள். கையில் கட்டை. அவருக்கு வேறென்ன தெரியும்? எத்தனையோ வருஷம் செய்த வேலை. முன்பக்கமாக வளைந்து வந்து, முதுகு குனிந்து, கண்ணைச் சக்கரத்தில் வைத்து நடந்தார். அவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே சுழன்றுகொண்டிருந்தது காத்தாடி.

ஒன்று சொல்கிறேன். முழுவேகத்தில் சுழலும் காத்தாடி கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் சும்மா ஒரு மினுமினுப்பு... அவ்வளவுதான். அதற்கு அப்பால் சக்கரம் தெளிவாகத் தெரியும்.

அவர் நடந்துகொண்டிருந்தார். கயிறு பின்னால் தரையில் இழுபட்டது.

குடம் விழுந்ததை நான் பார்த்தேன். ராக்கம்மா ஓடிவந்து, அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தார். கட்டை வெள்ளைச்சாமியின் கையையும் இழுத்துக்கொண்டு வந்தது. அவர் நிலைகுலைந்து உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து திரும்பியவரின் முகத்தில் இருந்தது பயம் அல்ல, கோபம். போட வந்த கட்டையைக் கயிற்றால் இழுப்பது கட்டைக்காரருக்குப் பெரிய அவமானம். அவர் ஏதோ ஏசினார். ராக்கம்மாவும் ஏசினார். இருவருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் ராக்கம்மா கயிற்றை விடவில்லை. இழுத்துக்கொண்டே பின்னால் போனார். கட்டையை விட மனமில்லாமல் அவரும் கூடவே போனார்.

அதற்குள் ஆரோக்கியசாமி இறக்கை நுனிக்கு வெளியே ஓடி, பைலட் பார்க்கும் இடத்தில் நின்று, கழுத்தில் கையை வைத்துக் குறுக்கே இழுத்துக் காட்டினார். நிறுத்து.

என்ஜின் நின்றது.

மினுமினுப்பு புகையானது. புகை நிழலானது. பிறகு ஒரு அலகு... இன்னொரு அலகு. கடைசியில் ஆள் உயரத்துக்கு ஒரு உலோகத் தகடு அசையாமல் நின்றது. வெள்ளைச்சாமி உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரம்.

வண்டி மட்டும் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. வெள்ளைச்சாமி போய்க் கட்டையைச் செருகினார். சக்கரம் ஏறி, முனகி, நின்றது. டிரம்களுக்குச் சற்று முன்னால். நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே அந்தத் தகடு.

"இம்புட்டு நேரமும் இது இங்கதான் இருந்துச்சா?"

பைலட் இறங்கி வந்து சிகரெட் பற்றவைக்கப் பார்த்தார். தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது. "மருந்துகிட்ட பத்தவைக்காதீங்க சார்," என்று ஆரோக்கியசாமி தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஆள் வந்ததே எனக்குத் தெரியாதுங்க," என்றார் பைலட், வெள்ளைச்சாமியிடம்.

"எப்படித் தெரியாமப் போகும்? நேர எதிர்லதானே வந்தேன்?"

"நேர் எதிர்லதாங்க தெரியாது."

வெள்ளைச்சாமி நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். அந்தப் பொட்டலில் அத்தனை பேர் இருந்தோம். ஒன்றும் தெரியாத நாங்களெல்லாம் விலகி நின்று தப்பித்தோம். கிட்டே போனவர் ஒருவர்தான் — வேலை தெரிந்தவர். ஒரு வேலை கைக்கு நன்றாகப் பழகிவிட்டால், கை யோசனைக்குக் காத்திருப்பதில்லை. தேர் முன்னால் அது பலம். இங்கே... சைக்கிள் பழகியவர் முதல்முறை கார் ஓட்டும்போதும், சமையலில் கைதேர்ந்தவர் புது ஸ்டவ்வைப் பற்றவைக்கும்போதும் இது நடக்கிறது. புதிதாக வருகிறவரிடம் தெரியாததைச் சொல்லிக்கொடுக்கிறோம். ஏற்கெனவே தெரிந்ததை எங்கே மறக்கவேண்டும் என்று யார் சொல்கிறோம்?

மறுநாள் புதன்கிழமை. பிரேக்கை ராத்திரியே சரிசெய்திருந்தார்கள். காலையில் என்ஜினைத் தொடுவதற்கு முன், பைலட் முதல் வேலையாக வெள்ளைச்சாமியை ஏற்றித் தம் இருக்கையில் உட்காரவைத்தார். ராக்கம்மாவை விமானத்துக்கு நேர் எதிரே நிற்கச் சொன்னார்.

வெள்ளைச்சாமி எக்கிப் பார்த்தார். சாய்ந்து பார்த்தார்.

"எங்கடி போனே?"

"இங்கதான் நிக்கிறேன். கண்ணு அவிஞ்சா போச்சு?"

மறுபடி ஒருமுறை எக்கிப் பார்த்தார். பிறகு இறங்கினார். யாரையும் பார்க்காமல் நேராகப் போய், ஊரே பார்க்க, ராக்கம்மாவின் கையைப் பிடித்தார். இறக்கையைச் சுற்றி, பின்பக்கமாக, கயிற்றுக்கு வெளியே கூட்டிக்கொண்டுபோய் விட்டார்.

"தாலி கட்டுன அன்னைக்குப் புடிச்ச கை," என்றார் ராக்கம்மா, பக்கத்தில் இருந்தவளிடம். "அப்புறம் இன்னைக்குத்தான்."