உப்புப் போடாத அப்பம்

பலிபீடத்தில் படைக்கும் ஆசாரியர் உப்புப் போட மறந்துவிட்டால் அந்தப் படையலை ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா? ஞாயிறு பள்ளியில் என் வகுப்புச் சிறுமி கேட்ட இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சபையில், கிறிஸ்துவின் நினைவாக எல்லோரும் பகிர்ந்துண்ணும் திருவிருந்துக்கான புளிப்பில்லாத அப்பத்தை மாதம் ஒரு வீட்டில் சுடுவோம். பெண்கள் சங்கத்தில் முறை வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு, ஆடுகோடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக அந்த முறை வந்தது. கைக்குழந்தைக்காரி என்று யாரும் தயங்கவில்லை. நான்தான் தயங்கினேன். குழந்தைக்கு எட்டு மாதம். என் உடையில் எப்போதும் பால் வாடை.

சனிக்கிழமை காலை குளித்து, ஜெபித்து, கோதுமை மாவை இரண்டு தடவை சலித்தேன். பக்கத்தில் மறுநாள் பாடத்துக்கான சார்ட் காய்ந்துகொண்டிருந்தது. பழைய இஸ்ரவேலில் ஆசாரியர்கள் செலுத்திய போஜனபலி, அதாவது மாவுப் படையல் பற்றிய பாடம். மெல்லிய மாவும் எண்ணெயும் வேண்டும், புளித்த மாவும் தேனும் கூடாது, உப்பு கட்டாயம். 'உப்பு' என்பதைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தேன். மாவில் எண்ணெய் விட்டதும் குழந்தை அழுதது. பாலூட்டித் தூங்கவைத்து, கை கழுவி வந்து பிசைந்து முடித்துச் சுட்டேன். ஆண்டவரின் மேசைக்குப் போகிறதை முன்னால் ருசி பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. உதிர்ந்த துணுக்கைக்கூட வாயில் போடாமல் வெள்ளைத் துணியில் சுற்றிவைத்தேன்.

மறுநாள் போதகர் அந்த அப்பத்தை உயர்த்திப் பிடித்தார். அந்தக் காலத்தில் ஆசாரிய வம்சத்து ஆண்கள்தான் பலிபீடத்தை நெருங்கலாம். இன்று என் தோசைக்கல்லில் சுட்டது அங்கே இருக்கிறது. பெருமைப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பெருமைப்பட்டேன். பிறகு முழங்காலில் நின்று வாங்கி வாயில் வைத்தேன்.

உப்பே இல்லை.

வெளியே வந்து, அப்பத்தில் உப்பு இல்லாதது தெரிந்ததா என்று கணவரிடம் மெதுவாகக் கேட்டேன். "உன் ரசத்துல பழகின நாக்கும்மா இது. எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அடுத்த பத்து நிமிடத்தில் அந்தச் சிவப்பு எழுத்துகளைப் பிள்ளைகள் முன்னால் மாட்ட வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தச் சிறுமி கேட்டாள்: "மிஸ், அவங்க மறந்துட்டா ஆண்டவர் வேணாம்னு சொல்லிடுவாரா?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்தேன்; இரண்டு மாதமாக அப்படியேதான் சமாளித்துவருகிறேன்.

கிறிஸ்து ஒரே தரம் தம்மைப் பலியாகக் கொடுத்துவிட்டார், நாம் செய்வது நன்றியாகச் செய்யும் ஊழியம் மட்டுமே என்று எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் அந்த ஆசாரியர்கள் காட்டிய கவனம் நமக்கும் வேண்டாமா? மாவை இரண்டு தடவை சலித்த எனக்கு, உப்பு எப்படி மறந்தது? அன்று அத்தனை பேரும் கண்ணை மூடி அந்த அப்பத்தை வாங்கியது நினைவுக்கு வரும்போது, வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருக்கிறது. அதுவும் சரியா என்று தெரியவில்லை.

போன ஞாயிறு போதகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பம் அவ்ளோ மெதுவா இருந்துச்சும்மா. கிறிஸ்துமஸுக்கும் நீங்களே செஞ்சிடுங்க" என்றார். வீடு வரை நடந்ததே தெரியவில்லை. இந்த ஞாயிறு அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரியென்று சொல்லத்தான் ஆசை. உப்பை மறந்ததை முதலில் சொல்லிவிட வேண்டுமா? சொன்னால் அன்று வாங்கியவர்களின் மனம் சங்கடப்படுமா? அந்தச் சிறுமிக்கு என்ன சொல்லட்டும்? திருவிருந்துக்கு அப்பம் சுட்டுப் பழகிய அக்காமார் யாராவது இதைப் படித்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள்.